மருத்துவக் காளான் மாத்திரைகள் குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகுமா, கொழுப்பைக் குறைக்குமா?

உங்கள் கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 148 என்று வந்திருக்கிறது. மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். நீங்கள் மூன்று மாத அவகாசம் கேட்டிருக்கிறீர்கள். இதற்கிடையில் ரெய்ஷி, ஷிட்டாகே, டர்க்கி டெயில் ஆகிய காளான்கள் கலந்த மாத்திரைப் புட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதன் மேல் 'ப்ரீபயாட்டிக். குடலைச் சீராக்கி அதன் வழியே கெட்ட கொழுப்பைக் குறைக்கும்' என்று அச்சிட்டிருக்கிறது. காளானில் உள்ள பொருள்கள் குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றனவா என்பது முதல் கேள்வி. அப்படி உணவானால் இரத்தக் கொழுப்பு குறையுமா என்பது இரண்டாவது. நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை அதற்குப் போதுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு மனிதர்களிடம் இன்னும் நிறுவப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு இல்லை என்பதே என் விடை.

நான் மருத்துவர் அல்லன். உணவு நுண்ணுயிரியல் படித்து, நார்ச்சத்துகளையும் பாலிசாக்கரைடுகளையும், அதாவது சர்க்கரை அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருள்களை, மனிதக் குடல் நுண்ணுயிரிகளோடு சேர்த்து ஆய்வகத்தில் நொதிக்கவைத்துப் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன். ஆகவே குடலுக்குள் நடப்பதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும். உங்களுக்கு ஸ்டாட்டின் தேவையா என்பதை உங்கள் வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் பார்த்து உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ப்ரீபயாட்டிக் என்ற சொல்லை 1995இல் கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்ட் ஆகிய இருவர் அறிமுகப்படுத்தினார்கள். 2017இல் வெளியான வல்லுநர் குழுவின் வரையறைப்படி, உடலில் வாழும் நுண்ணுயிரிகள் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவதும், அதனால் உடலுக்கு நன்மை விளைவிப்பதுமான பொருளே ப்ரீபயாட்டிக். இதில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதைக் கவனியுங்கள். எல்லா நுண்ணுயிரிகளும் தின்னும் பொருளாக இருந்தால் போதாது, சிலவற்றுக்கு மட்டும் சாதகமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் போதாது, மனிதருக்கு நன்மை கிடைத்தது என்று காட்ட வேண்டும். விளம்பரங்கள் முதல் நிபந்தனையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுச் சொல்லையும் பயன்படுத்திவிடுகின்றன. செரிக்காமல் பெருங்குடலை அடையும் எல்லா நார்ச்சத்தும் ப்ரீபயாட்டிக் ஆகிவிடாது.

காளானின் செல்சுவர் தாவரத்தின் செல்சுவரைப் போன்றதன்று. தாவரத்தில் செல்லுலோஸ் செய்யும் வேலையைக் காளானில் கைட்டின் செய்கிறது. நண்டு, பூச்சி ஆகியவற்றின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். அந்தக் கைட்டின் இழைகளோடு பின்னிப் பிணைந்து நிற்பவை பீட்டா குளுக்கன்கள். குளுக்கோஸ் அலகுகள் 1,3 என்ற பிணைப்பால் நீண்ட முதுகெலும்பாக அமைய, அதிலிருந்து 1,6 என்ற பிணைப்பால் கிளைகள் பிரிகின்றன. இந்தப் பிணைப்புகளை அறுக்கும் நொதிகள் நம் சிறுகுடலில் இல்லை. கைட்டினைச் சிதைக்கும் நொதி நம் வயிற்றில் சிறிதளவு உண்டு என்றாலும், உண்ட காளானின் சுவரை அது கரைத்துவிடுவதில்லை. எனவே செல்சுவரின் பெரும்பகுதி மாறாமல் பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் பாக்டீராய்டஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களிடம் 1,3 பிணைப்புக்கும் 1,6 பிணைப்புக்கும் தனித்தனி மரபணுத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதைப் போல, எந்தச் சங்கிலி வருகிறதோ அதற்கான நொதிகளை அவை உற்பத்தி செய்து, அறுத்த துண்டுகளை உள்ளிழுத்துக்கொள்கின்றன. இந்த அளவு வரை வேதியியலும் மரபியலும் தெளிவாகவே நிறுவியிருக்கின்றன.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வது எளிமையான வேலை. நலமான ஒருவரின் மலத்தை ஆக்சிஜன் இல்லாத சூழலில் கரைசலாக்கி, குடுவையில் சோதனைப் பொருளோடு சேர்த்து, உடல் வெப்பநிலையில் ஒன்றிரண்டு நாள் வைத்து, வாயு எவ்வளவு வருகிறது, அமிலத்தன்மை எப்படி மாறுகிறது, அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு உருவாகின்றன என்று அளக்கிறோம். (இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு நிலைத்துவிடுவார்.) எளிதில் நொதிக்கும் தாவர நாரான இனுலினை இட்டால் சில மணி நேரத்திலேயே குடுவை பொங்கி வாயு நிறையும். காளான் நாரை இட்டால் தொடக்கத்தில் ஒன்றும் நடக்காதது போலிருந்து, பிறகு மெதுவாக அமிலம் ஏறும். வேகம் குறைவு என்பதை நான் குறையாகக் கருதுவதில்லை. மெதுவாக நொதிக்கும் நார் பெருங்குடலின் கடைப்பகுதி வரை போய்ச்சேர வாய்ப்புண்டு, வயிற்று உப்புசமும் குறைவாக இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் அதைவிட அழுத்தமாகப் பதிந்தது வேறொன்று. ஒரே காளான் தூளை ஆறு பேரின் நுண்ணுயிரிகளிடம் கொடுத்தால் ஆறு வகையான விளைவுகள் வரும். ஒருவரிடம் பியூட்டிரேட் கூடும், அடுத்தவரிடம் புரோப்பியனேட் மட்டும் கூடும், மற்றொருவரிடம் தூள் ஏறக்குறைய அப்படியே குடுவையின் அடியில் படிந்து கிடக்கும். குடுவைக்குக் கல்லீரலும் இல்லை, பித்தநீரும் இல்லை, உருவான அமிலத்தை உறிஞ்சும் குடல் சுவரும் இல்லை. அதில் கண்டதை வைத்து உங்கள் இரத்தக் கொழுப்பைப் பற்றி நான் எதையும் சொல்ல முடியாது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிலவற்றைப் பார்ப்போம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் நலமான 24 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டர்க்கி டெயில் காளானிலிருந்து எடுத்த, புரதத் துண்டு இணைந்த பாலிசாக்கரைடான பாலிசாக்கரைடு பெப்டைடையும், இன்னொரு குழுவுக்கு அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் கொடுத்து, மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். காளான் பொருள் எடுத்தவர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டத்தில் ப்ரீபயாட்டிக்கின் இயல்புக்குப் பொருந்தும் மாற்றங்கள் சீராகக் காணப்பட்டன. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில் 32 பேர் பத்து நாள்களுக்கு நாளொன்றுக்கு 226 கிராம் மொட்டுக் காளான் உண்டார்கள்; அவர்களே வேறொரு பத்து நாள்களில் காளானுக்குப் பதிலாக இறைச்சி உண்டார்கள். காளான் உண்ட நாள்களில் மலத்தின் எடை கூடியது, நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பும் மாறியது; ஆனால் மலத்திலுள்ள குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் அளவில் வேறுபாடு தெரியவில்லை. அந்த அமிலங்களில் பெரும்பகுதியைக் குடல் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது என்பதால், மலத்தில் வேறுபாடு இல்லாததை வைத்து உற்பத்தி கூடவில்லை என்று முடிவுகட்ட இயலாது. கூடியது என்றும் சொல்ல இயலாது.

நுண்ணுயிர்க் கூட்டம் மாறியது என்ற செய்தியை அப்படியே நன்மை என்று படித்துவிடக் கூடாது. குடல் பாக்டீரியாக்களின் இரு பெரும் பிரிவுகளில் ஃபர்மிக்யூட்ஸ் குறைந்து பாக்டீராய்டீட்ஸ் கூடினால் உடல் எடை குறையும் என்பது ஒரு காலத்தில் பாடம்போலச் சொல்லப்பட்டது. எலிகளிடம் தொடங்கிய அந்தக் கருத்து, பல மனித ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது நிலைக்கவில்லை. இன்றும் மாத்திரைப் புட்டிகளோடு வரும் துண்டுத்தாள்களில் அந்த விகிதம் நன்மைக்குச் சான்றாக அச்சிடப்படுவதைக் காண்கிறேன்.

இனி கொழுப்பைப் பற்றிய கேள்வி. பீட்டா குளுக்கன் கொழுப்பைக் குறைக்கும் என்ற செய்தி பொய்யன்று. ஆனால் அது ஓட்ஸ், பார்லி ஆகியவற்றின் பீட்டா குளுக்கனைப் பற்றியது. அந்தத் தானியங்களில் குளுக்கோஸ் அலகுகள் 1,3 பிணைப்பாலும் 1,4 பிணைப்பாலும் கிளையற்ற நேர்ச்சங்கிலியாக அமைந்து, நீரில் கரைந்து, சிறுகுடலில் கொழகொழப்பான கூழாகின்றன. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாக்கிக் குடலுக்கு அனுப்பும் பித்த அமிலங்கள் வழக்கமாகச் சிறுகுடலின் முடிவில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றன. அந்தக் கூழ் அவற்றைச் சிக்கவைத்து வெளியேற்றிவிடுவதால், கல்லீரல் புதிய பித்த அமிலம் உருவாக்க இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது, எல்டிஎல் குறைகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் எடுத்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இலேயே இதை ஏற்று, ஓட்ஸ் பொட்டலங்களில் அச்சிட அனுமதித்தது. இந்த வழிமுறை பெரும்பாலும் கூழின் பிசுபிசுப்பைச் சார்ந்தது. பாக்டீரியாக்களுக்கு இதில் முதன்மையான பங்கு இல்லை.

காளானின் பீட்டா குளுக்கனோ கிளைத்தது. பெரும்பகுதி கைட்டினோடு பிணைந்து நீரில் கரையாமல் நிற்பது. வெந்நீரில் வடித்தெடுத்தால் ஒரு பகுதி கரைந்து வரும், அதுவும் ஓட்ஸ் கஞ்சியின் கொழகொழப்பைத் தராது. எனவே இரண்டுக்கும் பொதுவான பெயரை வைத்துக்கொண்டு, ஓட்ஸ் பெற்ற நற்பெயரைக் காளான் மாத்திரை கடன் வாங்குகிறது. இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரு பெயர் ஒற்றுமையிலிருந்து பிறப்பவை என்பது என் கணிப்பு. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய புகழும் இதே வகையில் வந்துசேர்ந்ததுதான். ஷிட்டாகேயிலிருந்து பிரித்த லென்டினன் 1985இல் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக ஏற்கப்பட்டது; ஆனால் அது ஊசி வழியாக ஏற்றப்பட்டது, குடலைத் தொடவே இல்லை.

உங்கள் புட்டியில் சொல்லப்பட்ட வழி வேறு: நுண்ணுயிரிகள் நாரைத் தின்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்கும், அவை கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் என்பது. இதில் ஒரு முரண் இருக்கிறது. கல்லீரல் செல்களைத் தனியே வைத்துச் செய்த சோதனைகளில் புரோப்பியனேட் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைத்தது உண்மை; ஆனால் அதோடு சேர்ந்தே, அதைவிடக் கூடுதலாக உருவாகும் அசிட்டேட், கொலஸ்ட்ராலையும் கொழுப்பையும் கட்டுவதற்கான மூலப்பொருளாகவே கல்லீரலுக்குப் பயன்படக்கூடியது. இறுதி விளைவு எந்தப் பக்கம் சாயும் என்பது அளவையும் விகிதத்தையும் ஆளையும் பொறுத்தது. மிக நீண்ட காலமாக ஆராயப்பட்ட ப்ரீபயாட்டிக்கான இனுலினே எல்டிஎல் மீது காட்டும் விளைவு சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுவது. அப்படியிருக்க, அதைவிடக் குறைவாக ஆராயப்பட்ட காளான் நாரிடம் கூடுதலாக எதிர்பார்ப்பதற்குக் காரணம் இல்லை.

இந்தக் கருத்துக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது 2015இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வு. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளுக்கு ரெய்ஷியின் மைசீலியத்தை, அதாவது பூசண இழையை, நீரில் வடித்தெடுத்த சாற்றைக் கொடுத்தபோது எடையும் அழற்சியும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தன. அதைவிட முக்கியமாக, அந்த எலிகளின் மலத்தை வேறு எலிகளுக்கு மாற்றியபோது பயனும் கூடவே சென்றது. நுண்ணுயிரிகள் வெறும் சாட்சிகளாக இல்லாமல் காரணமாகவே இருந்தன என்பதற்கு இது வலுவான சான்று. நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வு, எனக்குப் பிடித்த ஆய்வும்கூட. ஆயினும் எலியின் குடலும் பித்த அமிலங்களும் தீனியும் நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டவை. அந்த ஆய்வின் விளைவை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

நார் அல்லாத வேறு பொருள்களும் காளானில் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையடையாது. ஷிட்டாகேயில் எரிடாடெனின் என்ற சிறு மூலக்கூறு இருக்கிறது. அதை 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது கல்லீரலில் பாஸ்போலிப்பிடுகளின், அதாவது செல்சவ்வுக் கொழுப்புகளின், விகிதத்தை மாற்றி எலிகளின் இரத்தக் கொலஸ்ட்ராலைத் தெளிவாகக் குறைத்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மனிதருக்கான மருந்தாகவில்லை. எர்கோஸ்டெரால் என்பது காளானின் கொலஸ்ட்ரால் எனலாம். வடிவ ஒற்றுமையால் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. சிப்பிக் காளானில் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் இருப்பதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. முதல் ஸ்டாட்டின்கள் பூஞ்சைகளிடமிருந்து வந்தவைதான்: அகிரா எண்டோ 1970களில் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார்; 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சையிலிருந்து வந்தது. ஆனால் சிப்பிக் காளானில் அளந்த அளவுகள் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் வேறுபடுவதால், அதை மருந்தளவாகக் கணக்கில் கொள்வது தவறு. இவை எவையும் ப்ரீபயாட்டிக் என்ற பெயருக்குள் வருவன அல்ல.

மனிதர்களிடம் கொழுப்பை அளந்த ஆய்வுகள் சிறியவை. 20 பேர் கலந்துகொண்ட ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 30 கிராம் உலர்ந்த சிப்பிக் காளானைச் சூப்பாக 21 நாள் அருந்தியவர்களுக்கு டிரைகிளிசரைடு என்ற வேறு வகை இரத்தக் கொழுப்பு குறைந்தது. 30 கிராம் உலர் காளான் என்பது ஏறத்தாழ 300 கிராம் பச்சைக் காளான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ரெய்ஷிக்கு நிலைமை இன்னும் தெளிவு. இதயநோய் அபாயக் காரணிகள் மீது அதன் விளைவைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2015இல் வெளிவந்தது. 398 பேர் அடங்கிய ஐந்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கச் சான்று இல்லை என்று முடிவு செய்தது. உங்கள் புட்டியின் முதல் பெயரே ரெய்ஷி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அளவுக் கணக்குக்கு வருவோம். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு எடுத்தால் ஒரு கிராம் தூள். அதில் 30 விழுக்காடு பீட்டா குளுக்கன் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 300 மில்லிகிராம்தான். ஓட்ஸுக்கு ஏற்கப்பட்ட அளவில் இது பத்தில் ஒரு பங்கு. ப்ரீபயாட்டிக்குகளை ஆராய்பவர்கள் கிராம்களில் பேசுகிறார்கள். மாத்திரை விற்பவர்கள் மில்லிகிராம்களில் பேசுகிறார்கள். பெருங்குடலில் கோடானுகோடியாக வாழும் பாக்டீரியாக்களுக்கு 300 மில்லிகிராம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 200 கிராம் காளானைச் சமைத்து உண்டால் இரண்டு முதல் நான்கு கிராம் வரை நார் கிடைக்கும். மேற்சொன்ன மனித ஆய்வுகளில் உணவாகக் கொடுத்தவை அந்த அளவுக்கு நெருக்கமானவை.

புட்டியில் 'பாலிசாக்கரைடு 40 விழுக்காடு' என்று இருந்தால் அதில் மயங்க வேண்டாம். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். பல நிறுவனங்கள் காளானின் குடையை வளர்க்காமல், தானியத்தின் மேல் பூசண இழையை வளரவிட்டு, தானியத்தோடு சேர்த்தே அரைத்துத் தூளாக்குகின்றன. அப்படிப்பட்ட தூளில் பெரும்பகுதி நீங்கள் சிறுகுடலிலேயே செரித்துவிடும் தானிய மாவாக இருக்கும். எங்களிடம் சோதனைக்கு வந்த தூள்களில் ஒரு துளி அயோடினை விடுவது எங்கள் பழக்கம். காளானின் சொந்தச் சேமிப்பான கிளைக்கோஜன் இருந்தால் செம்பழுப்பு நிறம் வரும். கருநீலம் வந்தால் மாவுச்சத்து கலந்திருக்கிறது என்று பொருள். கருநீலம் வந்த தூள்கள் குறைவல்ல. பீட்டா குளுக்கன் எவ்வளவு, மாவுச்சத்தை உள்ளடக்கிய ஆல்ஃபா குளுக்கன் எவ்வளவு என்று தனித்தனியே எழுதியிருப்பதும், காளான் குடையிலிருந்து எடுத்தது என்று சொல்வதும் ஓரளவு நம்பத்தக்க அடையாளங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெய்ஷி இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடும் என்பதால், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. ரெய்ஷித் தூளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட அரிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. சாகா என்ற காளானில் ஆக்சலேட் மிகுதி. அதை நெடுநாள் எடுத்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. ஷிட்டாகேயை நன்றாக வேகவைக்காமல் உண்டால் சிலருக்குச் சாட்டையால் அடித்ததுபோல் கோடுகோடாகத் தடிப்பு வரும். உறுப்பு மாற்று செய்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் பீட்டா குளுக்கன் மாத்திரைகளைத் தவிர்ப்பதே நல்லது. காளானில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் இருப்பதால், எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு வயிறு உப்பலாம். மற்றவர்களுக்கும் முதல் ஓரிரு நாள்கள் சற்றுத் தொல்லை இருந்து பிறகு அடங்குவது வழக்கம். மொட்டுக் காளான் ஆய்விலும் அப்படித்தான் நடந்தது.

மருத்துவர் உங்களுக்கு அந்த மூன்று மாதத்தைத் தந்திருந்தால், மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை உணவுக்கு மாற்றுங்கள் என்பதே என் யோசனை. காளானை வாரத்தில் சில நாள் வயிறு ஏற்கும் அளவுக்கு நன்றாகச் சமைத்து உண்ணுங்கள்; முடிந்தால் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த ஒரு பதார்த்தத்தின் இடத்தில் அது வரட்டும், ஏனென்றால் அந்த மாற்றத்தாலேயே எல்டிஎல் குறையலாம். அதோடு ஓட்ஸ் அல்லது பார்லியைச் சேர்த்துக்கொண்டால், உறுதியாகத் தெரிந்த வழிமுறையும் உடன் இயங்கும். உணவால் வரும் மாற்றம் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதால், மூன்று மாத முடிவில் அதே ஆய்வகத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். மிதமான அளவு ஸ்டாட்டின் எல்டிஎல்லை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கும். காளானும் ஓட்ஸும் சேர்ந்தாலும் அந்தத் தூரத்தை எட்டா. ஆகவே மறுபரிசோதனைக்குப் பிறகும் மருத்துவர் ஸ்டாட்டின் வேண்டும் என்றால், அந்த மாத்திரையின் இடத்தில் காளான் மாத்திரையை வைக்காதீர்கள். அதுவரை புட்டியிலுள்ளதை எடுப்பதானால் அதையும் மருத்துவரிடம் பெயர் சொல்லித் தெரிவியுங்கள். பின்னாளில் கல்லீரல் பரிசோதனையில் ஏதாவது மாறுபாடு தெரிந்தால், காரணத்தைத் தேட அவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.